வகுப்புக்கு ஒரு பொய்

மணி அடித்ததும் சமூகவியல் பேராசிரியை முதல் ஸ்லைடைப் போட்டார். பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பல்கலைக்கழகத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பேராசிரியைக்கோ அது பொறுக்கவில்லை.

இதே அறை ஒரு காலத்தில் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு ஒரு பொய் சொல்வது அவர் வழக்கம். பாடத்தின் நடுவே, முகத்தில் சலனமே இல்லாமல், தவறான ஒரு கருத்தைச் சொல்லிவைப்பார். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதைப் பிடித்து, ஏன் தவறு என்று வாதாட வேண்டும். சில நாள் அவர் உண்மையையே சொல்லியிருப்பார். அதையும் பொய் என்று பிடித்துக்கொண்டு திணறடிப்பார்கள். அப்படித் திணறிய நாட்களில் அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

பிறகு பல்கலைக்கழகத்துக்குக் கிரேடு போடும் தரமதிப்பீடு வந்தது. வகுப்பில் என்ன விளையும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, விளைந்ததாக டிக்கும் அடிக்க வேண்டும். துறைத்தலைவர் பேராசிரியையைக் கூப்பிட்டார்.

"நீங்க பொய் சொல்லிக் குடுத்தீங்கன்னு எந்தக் கட்டத்துல மேடம் நான் டிக் அடிக்கிறது?"

"கேள்வி கேக்கப் பழகுறாங்க சார்."

"அதை அளந்து காட்ட முடியுமா? கிரேடு போச்சுன்னா துறையையே மூடிருவாங்க. எனக்கு மட்டும் இதெல்லாம் ஆசையா?"

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பேராசிரியையும் பயந்தார். பொய் நின்றது, ஸ்லைடு வந்தது, முதல் கிரேடும் வந்தது. எல்லோரும் கைகுலுக்கிக் கொண்டாடிய அன்றுகூட அவர் மனம் அந்தப் பழைய கூச்சலுக்கே ஏங்கியது.

இன்று ஏக்கம் தாங்க முடியவில்லை. பாடம் வறுமையைப் பற்றியது. ஸ்லைடை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உழைக்கிறவங்க யாரும் ஏழையா இருக்கறதில்ல. வறுமைக்கு ஒரே காரணம் சோம்பேறித்தனம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பேனாக்கள் ஓடின. முன்பெஞ்சில் ஒருவன் கையைத் தூக்கினான். அவருக்கு உயிர் வந்தது.

"மேடம், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

ஜன்னலோரத்தில் இருந்த பெண் மட்டும் எழுதாமல் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு அவளும் எழுதினாள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியை அவளை நிறுத்தினார்.

"எழுதறப்போ என்னம்மா யோசிச்சே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"சும்மா சொல்லு."

"எங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வீட்டு வேலைக்குப் போயிடுவாங்க. சாயந்திரம் ஒரு ஆபீஸ் கூட்டறாங்க. அப்பவும் எங்களுக்கு இழுபறிதான். அவங்க சோம்பேறி இல்ல மேடம்."

"அப்போ நான் சொன்னது தப்புன்னு உனக்குத் தெரியும். பின்ன ஏம்மா எழுதினே?"

"பரீட்சைக்கு வரும்ல?"

பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு நான் அதையே திரும்பச் சொல்லப் போறேன். எழுந்து என்னை மறுத்துப் பேசு" என்றார்.

மறுநாள் அவர் அதையே சொன்னதும் அவள் எழுந்தாள். அம்மாவின் உழைப்பைச் சொல்லி மறுத்தாள். பின்பெஞ்சில் ஒருவன் குறுக்கே பேசினான், இன்னொருத்தி அவனை மடக்கினாள், கொஞ்ச நேரத்தில் அறை ரெண்டுபட்டது. சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் ஓடிவந்தார்.

"என்ன மேடம் இது? கிரேடு என்ன ஆகறது?"

"போனாப் போகட்டும் சார். பெத்த தாயைச் சோம்பேறின்னு சொன்னாக்கூட மார்க்குக்காக எழுதிக்கிற பிள்ளைங்களை வச்சுத்தான் நாம முதல் கிரேடு வாங்கினோம். தப்பைத் தப்புன்னு சொல்ல விடாத படிப்பு, படிப்பே இல்ல. கொஞ்சம் நகருங்க, அந்தப் பொண்ணு பேசறது எனக்குக் கேக்கல."