பெயர் வைத்தவன்

சிலுவையின் வாய் ஒரு சாக்கடை. அவனோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிற யாரும் அதற்குத் தப்பியதில்லை. ஒருவன் நாய், இன்னொருவன் பன்றி. செபாஸ்டின் மட்டும் 'பேண்டான்'. உலக யுத்தம் நடந்த காலத்தில் அந்தப் பெயர் வள்ளத்தைவிட்டு இறங்கித் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவெல்லாம் நடந்தது. மீன் விற்கிற பெண்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செபாஸ்டினுக்கு உடம்பெல்லாம் எரியும். அவன் கை ஓங்கும்போதெல்லாம் மச்சான் இனிகோ தடுத்துவிடுவான்.

"விடு மாப்ள. அவன் எல்லாரையுந்தான் ஏசுதான். ஏம்லேன்னு கேட்டா இன்னும் கூடும்."

இனிகோ சொன்னால் வேதவாக்கு. இருக்காதா? பெண்டாட்டி பிலோமினாவின் கூடப்பிறந்த அண்ணன். கடலடியில் மூச்சடக்கிக் கிடக்கிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் என்றுதான் மச்சான் கையில் கயிற்றைக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம்.

அன்று காலை, சங்கு விளைகிற கடலடித் திட்டான பாருக்கு மேலே வள்ளம் வந்து நின்றதும் சிலுவை ஆரம்பித்தான்.

"ஏலே பேண்டான், துணிய இறுக்கிக் கட்டிட்டு எறங்குலே!"

செபாஸ்டின் அடிக்கவில்லை. மெதுவாகக் கேட்டான். "எல்லாருக்கும் நாயி, பன்னின்னு வைக்க. எனக்கு மட்டும் இது எங்கனருந்துலே கெடச்சுது?"

சிலுவைக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. "நானாலே வச்சேன்? ஒம் மச்சான்லா வச்சான். சுறாவப் பாத்து நீ பேண்டதக் கள்ளுக்கடையில குனிஞ்சு நடிச்சுல்லா காட்டுனான். வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

செபாஸ்டின் முதன்முதலாகக் கடலில் இறங்கிய நாளில் நடந்தது அது. மேலே இழுத்த இனிகோ யாரும் பார்க்குமுன் தன் துண்டை அவன் இடுப்பில் சுற்றிவிட்டு, யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். மச்சான் வாயிலிருந்துதான் இந்தப் பெயர் வந்திருக்குமோ என்று செபாஸ்டினுக்குச் சந்தேகம் வந்ததுண்டு. வந்த நிமிஷமே தன்னைத்தான் திட்டிக்கொள்வான், பாவி.

"வெறியில ஒரு வார்த்த வந்துட்டு மாப்ள…" என்று இழுத்தான் இனிகோ.

"நடிச்சா காட்டுன?"

இனிகோ கயிற்றுச் சுருளைப் பிரிக்கிறவன்போலக் குனிந்துகொண்டான். சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பான் செபாஸ்டின். குனிந்து நடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த லட்சணத்தில் ஊர் வாயைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் புத்திமதி வேறு!

ஆளைக் கடலடிக்கு இறக்குகிற கல்லில் செபாஸ்டின் காலை ஊன்றினான். கயிற்றை எடுத்துச் சிலுவையின் கையில் கொடுத்தான். சிலுவை அதைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"என்ன மாப்ள பண்ணுத?" இனிகோ பதறினான். "எந் தங்கச்சி புருசன நான் சாக விட்டுருவனா?"

"விடமாட்ட மச்சான். அது எனக்குத் தெரியும்," என்றான் செபாஸ்டின். "மேல வந்த பெறவு கள்ளுக்கடையில என்ன செய்வியோன்னுதான் பயமா இருக்கு."