ரூத் எழுதப்போன கட்டுரை

சிலுவையம்மாள் மூன்றாவது தடவையாகக் காவல் நிலைய வாசலுக்கு வந்து நின்றபோது காலை மணி எட்டரை. அவள் கணவன் லியோனார்ட் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். வண்டி நிறுத்தும் யார்டில் பேட்டரி திருடு போனதென்று முந்தின நாள் காலை பத்து மணிக்கு அவனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பிறகு கண்ணிலேயே காட்டவில்லை. எப்போது கேட்டாலும், "விசாரிச்சுகினு இருக்காங்க, போம்மா" என்ற ஒரே பதில்தான்.

கூடவே பத்தாவது படிக்கும் மகள் ரூத், யூனிஃபார்மில். சட்ட உதவி மையம் அவள் பள்ளிக்கூடத்தில் நடத்தும் கட்டுரை, ஓவியப் போட்டி பத்தரை மணிக்கு. அரசமைப்புச் சட்டம் தரும் உரிமைகளில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். அவள் தயார் செய்திருந்தது, கைதானவருக்கு உள்ள உரிமை.

"ம்மா, இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள ஜட்ஜ் முன்னாடி நிறுத்தணும். சட்டத்துலயே கீது."

"வாய மூடுடி. நீ சட்டம் பேசினா உள்ள அப்பாவுக்குத்தான் அடி வுழும்."

ரூத் தள்ளிப் போய், போட்டி நோட்டீசின் அடியில் இருந்த இலவச உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் ஃபிர்தௌஸ் என்ற வக்கீல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். காரியம் கெட்டுவிட்டது என்றே சிலுவையம்மாள் நினைத்தாள்.

"எஃப்.ஐ.ஆர். நம்பர் சொல்லுங்க சார்" என்றாள் ஃபிர்தௌஸ்.

"கேஸெல்லாம் இன்னும் போடல மேடம்" என்றார் ஏட்டு.

"பத்து மணியோட ஒரு நாள் முடியுது. ஒண்ணு கோர்ட்டுக்குக் கொண்டு போங்க, இல்ல வீட்டுக்கு அனுப்புங்க."

ஏட்டு உள்ளே போனார். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்வதையே சிலுவையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு லியோனார்ட் வெளியே வந்தான், காலில் செருப்பில்லாமல். அவள் ஓடிப்போய் அவன் முகம், தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சாங்களா?"

"இல்ல. தூங்கத்தான் உடல." அவன் மகளைப் பார்த்தான். "பாப்பாவுக்கு இன்னிக்குப் போட்டியாச்சே?"

ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். டீச்சர் உடனே ரூத்துக்குத் தாளைக் கொடுத்து உட்கார வைத்தார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்ததுமே லியோனார்ட் சிலுவையம்மாள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வேறு நாளாக இருந்தால் நாலு பேர் பார்க்க அவள் கூசியிருப்பாள். இன்று அசையவில்லை. நேற்று மதியத்திலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பசித்தது, நன்றாகவே பசித்தது.

மணியடித்ததும் ரூத் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாதிதான்ப்பா எழுதினேன். டைம் பத்தல."

லியோனார்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"மிச்சத்த எனக்குச் சொல்லு, வா. நாஷ்டா துன்னுகினே கேக்கறேன்."