அம்மாவின் வலது கை

ஆசிரியர் வாயைத் திறந்தால் போதும், மகளுக்குக் கால் தரையில் பாவாது. நாடகப் பள்ளியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் "எங்க சார் சொன்னாரு" என்று ஆரம்பிக்காத பேச்சே வீட்டில் இல்லை. எங்க சார் சொன்னாரென்று ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு பல் தேய்த்தாள். எங்க சார் சொன்னாரென்று தெருமுனையில் ஒரு மணி நேரம் சும்மா நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெண் இத்தனை சந்தோஷமாக இருந்து அம்மா பார்த்ததில்லை.

அம்மாவுக்கு ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். கைக்குழந்தைகூட அவளிடம் அழாது. ஆனால் ஆறு மாதமாக அந்த வலது கையில் ஒரு நடுக்கம். வேலை நேரத்தில் முழங்கையை விலாவோடு இறுக்கி, மூச்சைப் பிடித்துச் சமாளிப்பாள். வீட்டுக்கு வந்தால் கரண்டி தட்டில் டக்டக்கென்று அடிக்கும்.

"வெளிய மூச்சு விட்றாதேடி. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

மகள் மூச்சு விடவில்லை. நடித்துக் காட்டினாள்.

வருஷக் கடைசி நாடகத்தில் ஒரு நோயாளிக் கிழவிதான் முக்கிய வேடம். "கூடவே இருக்கிற ஒருத்தரைக் கவனிச்சு, அப்படியே கொண்டு வாங்க" என்றிருந்தார் ஆசிரியர். மகள் டம்ளரைத் தூக்கியதும் எழுந்து நின்று கை தட்டினார்.

"யாரு இது?"

"எங்கம்மா சார்."

"நாளைக்குக் கூட்டிட்டு வா. அவங்களைப் பார்த்துட்டு வேஷம் யாருக்குன்னு சொல்றேன்."

"சார் உன்னைப் பார்க்கணும்னாரும்மா" என்று மட்டும்தான் மகள் வீட்டில் சொன்னாள். பெண்ணைப் புகழத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, அந்த அப்பாவி அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து நின்றாள்.

வகுப்பிலிருந்த ஒரு குட்டைமுடிக்காரி ஓடி வந்தாள். "ஆன்ட்டி! போன வாரம் நீங்கதானே எனக்கு ரத்தம் எடுத்தீங்க? வலிக்கவே இல்ல!" அம்மாவின் முகம் பூரித்துவிட்டது.

ஆசிரியர் அவளை உட்காரவைத்து, டம்ளர் நிறையத் தண்ணீரை முன்னால் வைத்தார். "குடிங்கம்மா."

மகளோடு படிக்கிற பதினான்கு பேரும் அவள் கையையே பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மகளை ஒரு தடவை பார்த்தாள். முழங்கையை விலாவில் இறுக்கி, டம்ளரை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து வைத்தாள்.

"என்ன, கை ஆடவே இல்ல?" ஆசிரியர் மகளிடம் திரும்பினார். "நீயா இட்டுக்கட்டினதா?"

மகளுக்கு வேடம் கை நழுவுகிறது. "நடிக்காதேம்மா! வீட்ல குடிக்கிற மாதிரி குடி!"

மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா டம்ளரைத் தூக்கினாள். மகள் போய், அந்த முழங்கையைப் பிடித்து விலாவிலிருந்து விலக்கிவிட்டாள்.

டம்ளர் பல்லில் மோதியது. பாதித் தண்ணீர் மார்பில் கொட்டியது.

"ஐயோ, இந்தக் கையாலயா எனக்கு ஊசி குத்தினீங்க?" என்றாள் குட்டைமுடிக்காரி. "முதல்ல லேப்ல சொல்லணும்."

"அதெல்லாம் அப்புறம். இப்ப பாரு!" ஆசிரியருக்குக் கண்கள் மின்னின. "எல்லாரும் டம்ளர் எடுங்க. செஞ்சு பாருங்க."

அவளைச் சுற்றிப் பதினான்கு கைகள் நடுங்கின. மகள் ஒவ்வொருவராகப் போய்த் திருத்தினாள். "விரல்ல இல்ல, மணிக்கட்டுல ஆரம்பிக்கணும்."

குட்டைமுடிக்காரிக்குத்தான் அச்சாக வந்தது. ஆசிரியர் வேடத்தை அவளுக்கே கொடுத்தார். மகளின் தோளைத் தட்டி, "உனக்கு நல்ல கண்ணு. இவளுக்குச் சொல்லிக்கொடு. அம்மாவை நாளைக்கும் கூட்டிட்டு வா" என்றார்.

மகளுக்கு வேடம் போய்விட்டது. ஆனாலும் சார் தோளைத் தட்டியிருக்கிறாரே! படியிறங்கும்போதே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கும் அரை நாள் லீவு கிடைக்குமாம்மா?"

அம்மா நனைந்த உடுப்பைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

"இனிமே எல்லா நாளும் லீவுதான்" என்றாள்.