அம்மனுக்கு விட்ட கதிர்

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் கொட்டிய ஐப்பசி மழை, முசரவாக்கத்தில், குடை பிடிப்பதா வேண்டாமா என்று ஆளை முடிவெடுக்க விடாத தூறலாக இளைத்திருந்தது. கோதண்டபாணியின் பட்டு முறுக்கு ஆலையின் முன் ஸ்கூட்டியை நிறுத்திய சத்யப்ரியா, மழைக்கோட்டைக் கழற்றும்போதே கோபமாக இருந்தாள். கோபத்துக்குக் காரணம், அவள் கைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த ஒரு பக்க அறிக்கை. அதை எழுதியவள் அவள் அல்லள். ஆயினும் கையெழுத்துக்குரிய கோட்டின் கீழ் அவள் பெயர் அச்சாகியிருந்தது.

'இயந்திரத்திலும் நிரலிலும் குறையேதும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எச்சரிக்கை ஒலியைப் பணியாளர் நிறுத்திவைத்திருக்க வேண்டும்.' இதுவே அறிக்கையின் சாரம். 'வேண்டும்' என்ற சொல்லை அவள் முந்தைய நாள் மாலையிலிருந்து வெறுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவன் எழுதும் சொல்லாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

வாசலை ஒட்டிய கூரையின் கீழ், பிளாஸ்டிக் ஸ்டூலில் வடிவாம்பாள் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆலையில் பல ஆண்டுகள் நூல் முறுக்கும் கதிர்களை ஓட்டியவள். ஐந்து நாள்களாக இடைநீக்கத்தில் இருப்பவள். இன்று அவளை அடியோடு வேலையைவிட்டு நீக்கப்போகிறார்கள். அதற்காகவே வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீதான் அந்தப் பெட்டிக்கு உள்ள எழுதுனவளாம்மா?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"ஆமாக்கா."

"பாத்தா நல்ல பொண்ணா இருக்கிற. உள்ள போ, காப்பி ஆறிடப்போவுது."

சத்யப்ரியாவுக்குக் காது சுட்டது. உள்ளே போனாள்.

அலுவலக அறையில் கோதண்டபாணியும், அவருக்கு எதிரே ஸ்ரீவர்தனும் இருந்தனர். சின்ன காஞ்சிபுரத்தில் முறுக்கு இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கும் சிறு நிறுவனம் ஸ்ரீவர்தனுடையது. அந்தப் பெட்டிக்கு டிரைவர் எழுதியவள் சத்யப்ரியா. கருவி தரும் சைகையைப் பெட்டிக்கு எடுத்துச் சொல்லும் நிரலுக்கு அந்தப் பெயர்.

"வாம்மா, வா. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும். நீ சட்டுனு ஒரு கையெழுத்தப் போட்டுட்டன்னா, பின்னாலயே நானும் போட்டுடுவேன்," என்றார் கோதண்டபாணி.

கூரையின் கீழிருந்து வடிவாம்பாளின் குரல் சன்னல் வழியே வந்தது: "கேட்டியாம்மா? ஒருத்தியத் தொரத்தறதுக்கும் நல்ல நேரம் பாக்கறாரு எங்க மொதலாளி. மகராசன்!"

கோதண்டபாணி சன்னலைச் சாத்தினார்.

வழக்கு எளிமையானது. இரண்டு பட்டிழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்குவது அந்த ஆலையின் தொழில். நூல் ஏறும் ஒவ்வொரு கதிரிலும், இழையின்மேல் ஒரு சிறு கொக்கி படிந்திருக்கும். இழை அறுந்தால் கொக்கி விழும், பஸ்ஸர் அலறும், கதிர் நிற்கும், ஓட்டுபவள் வந்து முடிச்சுப் போடுவாள். அலறாவிட்டால், எஞ்சிய ஒற்றை இழை, முறுக்கிய நூலைப் போலவே வேடமிட்டுக்கொண்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். அதன் குட்டு தறியில்தான் வெளிப்படும். புதிய பெட்டி வந்த நாளிலிருந்து பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் ஒற்றை இழை ஓடிய பாவு நூலைக் கொண்டுவந்து கோதண்டபாணியின் மேசையில் போட்டபடி இருந்தனர். விசாரித்ததில், கெட்ட நூலில் பெரும்பகுதி வெள்ளிக்கிழமைகளில் முறுக்கியது. வெள்ளிக்கிழமை வடிவாம்பாளுக்கு விரதம். வெறும் வயிற்றில் கண்ணயர்ந்து, பஸ்ஸர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை அணைத்துவிடுகிறாள் என்பது முதலாளியின் முடிவு. ஸ்ரீவர்தனுக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது.

"மெஷினப் பாக்காம நான் போடமாட்டேன்," என்றாள் சத்யப்ரியா.

"ப்ரியா, பெட்டியோட லாக் பதிவு முழுக்கப் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமைல ஒரு அலாரம்கூட இல்ல. பட்டு நூல் நாள் முழுக்க அறுக்காம ஓடுமா? அவங்க ஆஃப் பண்ணிருக்காங்க," என்றார் ஸ்ரீவர்தன். மேலதிகாரியாகப் பேசும்போது அவர் குரல் எப்போதும் தாழ்ந்து இனிமையாகிவிடும்.

"ஆஃப் பண்ணா சத்தம்தான் சார் வராது. லாக்ல வரணும்."

இனிமை சற்று மங்கியது. கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார்.

முறுக்குக் கூடத்தில் கதிர்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. வடிவாம்பாளும், யாரும் கூப்பிடாமலே, வாசற்படிக்கு வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. சத்யப்ரியா முதல் கதிரின் முன் நின்றாள். அதில் நூல் இல்லை. மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது.

"இது ஏன் சார் ஓடல?"

"அதுவா? வெள்ளிக்கிழமைல மொதக் கதிரு அம்மனுக்கும்மா. எங்கப்பா காலத்துலேந்து வழக்கம். நூலேத்த மாட்டோம். சாயங்காலம் வெளக்கு வெச்சப்புறம் பூவ எடுத்துட்டு, மறாநாள் ஓட்டுவோம்."

நூலில்லாத கதிரின் கொக்கி விழுந்து கிடந்தது. காலையில் இயந்திரத்தை முடுக்கும் முன்பே விழுந்திருக்கும்; மாலைவரை எழாது.

சத்யப்ரியாவின் கோபம் அப்போதுதான் திசையைக் கண்டுகொண்டது. கூடத்தின் நடுவிலிருந்த ஒரு கதிரை அணுகி, முடிச்சுப் போட வைத்திருந்த கத்தரியை எடுத்து, ஓர் இழையை வெட்டினாள்.

"ஐயோ! இன்னாம்மா பண்ற?" என்று பதறினார் கோதண்டபாணி.

கொக்கி விழுந்தது. பஸ்ஸர் அலறவில்லை. கதிர் நிற்கவில்லை. ஒற்றை இழை, எதுவும் நடவாததுபோல, உருளையில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வடிவாம்பாக்கா அங்க வாசப்படில நிக்கறாங்க. இப்ப யாரு சார் ஆஃப் பண்ணது?"

கதிரைக் கையால் நிறுத்திய சத்யப்ரியா, "அக்கா, இதுல ஒரு முடிச்சுப் போட்டுத் தாங்க," என்றாள்.

"நான் சஸ்பெண்டுல இருக்கறேன்மா. தொடலாமான்னு மொதலாளியக் கேளு."

"போடு வடிவு, போடு," என்றார் கோதண்டபாணி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

வடிவாம்பாள் வந்து முடிச்சிட்டாள். கொக்கி எழுந்து இழையின்மேல் படிந்தது. சத்யப்ரியா முதல் கதிருக்குத் திரும்பி, மல்லிகையில் விரல் படாமல், அங்கே விழுந்து கிடந்த கொக்கியை ஒரு தீக்குச்சியால் தூக்கிப் பிடித்தாள்.

"இப்ப வெட்டுங்க."

வடிவாம்பாள் முதலாளியைப் பார்த்தபடியே வெட்டினாள். பஸ்ஸர் கூரையைப் பிய்த்தது. கதிர் நின்றது.

அலறல் ஓய்ந்ததும் சத்யப்ரியா கோதண்டபாணிக்கு விளக்கினாள். எல்லாக் கொக்கிகளின் சைகையும் ஒரே ஒயரில்தான் பெட்டிக்குப் போகிறது. எந்தக் கொக்கி விழுந்தாலும் அந்த ஒயரில் மின்னழுத்தம் இறங்கும்; எந்தக் கொக்கி என்பதை, அழைப்பு வந்த பிறகே பெட்டி தேடிப் பார்க்கும். விழுந்தவை அனைத்தும் எழும்வரை இறங்கியே இருக்கும். ஒயர் இறங்கும் கணத்தில் மட்டும் பெட்டியைக் குறுக்கிட்டு அழைப்பது ஒரு முறை. அதை எட்ஜ் என்பார்கள். ஒயர் இறங்கியிருக்கும் வரை அழைத்துக்கொண்டே இருப்பது மற்றொரு முறை, அது லெவல்.

"கதவு தெறக்கிற சத்தத்த மட்டும் கேட்டுக்கினு ஒருத்தன் காவலுக்கு இருக்கான்னு வெச்சுக்கோங்க சார். காலைல நீங்களே கதவத் தெறந்து வெச்சுட்டீங்க. அப்புறம் ஊரே உள்ள நொழைஞ்சாலும் அவனுக்குத் தெரியாது. சத்தமே வரலியே! அதான் எட்ஜ். லெவல்ல இருக்கிறவன் கதவையே பாத்துக்கினு இருப்பான். அம்மனுக்கு விட்ட கதிருதான் தெறந்த கதவு."

"அப்ப அந்தக் காவல்காரன எழுதுனது நீதான?" என்று கேட்டாள் வடிவாம்பாள். கேள்வியில் கரிசனம் இல்லை.

"நான் எழுதுனது லெவல்க்கா," என்றாள் சத்யப்ரியா. பிறகு மெதுவாகத் திரும்பினாள். "யார் சார் மாத்துனது?"

ஸ்ரீவர்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் வெள்ளிக்கிழமை டெமோவுல பஸ்ஸர் நிக்கவே இல்ல ப்ரியா. ஸ்கிரீன் வேற உறைஞ்சுபோச்சு. தொங்கினது உன் டிரைவர். கஸ்டமர் எதிர்ல நான் என்ன பண்ணட்டும்? ஒரே ஒரு வார்த்தையத்தான் மாத்தினேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அவளுடைய முதல் நிரல், விழுந்த கொக்கியை ஒதுக்கி வைக்கத் தெரியாமல், அதே அழைப்புக்கு மீண்டும் மீண்டும் ஓடி மூச்சுத் திணறியது. மறுபாதியை அவளே சொன்னாள்.

"ஏதோ ஒரு கொக்கி சிக்கிக்கிச்சுன்னு மட்டும்தான் என்கிட்ட சொன்னீங்க. விழுந்தே கெடக்கிற கதிர ஸ்கிரீன்ல காட்டி, அத மட்டும் ஒதுக்கி வெச்சுட்டு, மத்ததக் கேக்கற மாதிரி எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் டெஸ்ட் பண்ணணும்னேன். 'வேணாம், சரியாயிடுச்சு'ன்னு பதில் போட்டீங்க."

"சரியாயிடுச்சே!"

"சத்தம் நின்னுச்சு சார். சரியாவல."

கோதண்டபாணி வணிகர், வழி தேடுவது அவர் இயல்பு. "சரி சரி, சண்ட வேணாம். இனிமே வெள்ளிக்கிழமையும் நூலேத்திடறோம். பூவ மட்டும் மேல வெச்சுக்கறோம். முடிஞ்சுபோச்சுல்ல?"

"அதேதான் சார்!" என்றார் ஸ்ரீவர்தன், மூழ்குபவன் கைக்குக் கயிறு வந்ததைப்போல. "டிரைவரத் தொடவே வேணாம்."

"மொதல்ல அக்கா மேல போட்டீங்க. இப்ப அம்மன் மேல போடறீங்களா?" சத்யப்ரியாவின் குரல் உயர்ந்தது, கூடத்துக்கு அது புதிது. "ஒரு இழை அறுந்து அக்கா முடிச்சுப் போட்டுக்கினு இருக்கும்போதே இன்னொண்ணு அறுந்தா? அதுவும் கேக்காது. எந்தக் கெழமையானாலும் கேக்காது. வெள்ளிக்கிழமை நாள் முழுக்கச் செவிடு, மத்த நாள் அப்பப்ப செவிடு. அவ்ளோதான் வித்தியாசம்."

ஸ்ரீவர்தன் அவளைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப் போனார். "இத எழுத்துல கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? டிரைவர்ல குறைன்னா, எழுதினவ நீன்னுதான் படிப்பாங்க."

"படிக்கட்டும். ஒரு வார்த்தைய மாத்துனது யாருன்னும் எழுதுவேன். அதையும் படிக்கட்டும்." சற்று நிறுத்தினாள். "மத்த யூனிட்டுக்கெல்லாம் லெவலா, எட்ஜா, எது சார் போயிருக்குது?"

அவர் வாசலைப் பார்த்தார். அவளுக்குப் போதுமான பதில் அது. ஊர் முழுக்க எத்தனை கூடங்களில் எத்தனை வடிவாம்பாள்கள் தூங்கியதாகப் பெயர் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது, அவள் கோபம் குளிர்ந்து கெட்டியானது. அந்த நிலையில்தான் அவளுக்கு நன்றாக எழுத வரும்.

அலுவலக அறைக்கு வந்து, உறையிலிருந்த அறிக்கையின் அச்சிட்ட பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். பின்பக்கத்தில் கையால் எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் எழுதுமுன் தேர்ந்தாள். 'வேண்டும்' எங்கும் வரவில்லை. பெட்டியைக் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட் முறை லெவலிலிருந்து எட்ஜுக்கு மாற்றப்பட்டதே கெட்ட நூலுக்குக் காரணம் என்றும், மாற்றியவர் ஸ்ரீவர்தன் என்றும், எழுதியவளுக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்றும், முதல் நிரலின் குறை தன்னுடையது என்றும், அதைத் திருத்திய நிரலைச் சோதித்து ஏற்றும்வரை எந்த ஆலையிலும் இந்தப் பெட்டியை நம்பி இயந்திரம் ஓடலாகாது என்றும், பணியாளர் வடிவாம்பாளிடம் குற்றம் ஏதுமில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். காகிதத்தை ஸ்ரீவர்தன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல நான் போட முடியாது."

கோதண்டபாணி அதுவரை அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார். "போட முடியாதா? ரெண்டு மாசமா நெசவுக்காரங்க எதிர்ல நான் தலையக் குனிஞ்சுக்கினு நின்னேனே, அதுக்கு யாரு போடறது? பெட்டியக் கழட்டி எடுத்துக்கினு போங்க தம்பி. போற வழியில, ஏன் கழட்டுனேன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நானே சொல்றேன்."

ஸ்ரீவர்தன் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமலே மேசையில் போட்டார்.

எஞ்சியது முதலாளியின் கையெழுத்து ஒன்றே. கோதண்டபாணி இடைநீக்கம் ரத்து என்று கீழே ஒரு வரி சேர்த்தார். பேனா அங்கேயே நின்றது. கடிகாரத்தில் பத்தரை தாண்டியிருந்தது.

"வடிவு, நீ போய் வேலையப் பாரு. பன்னெண்டு அடிச்சதும் போட்டுத் தரேன். ராகுகாலத்துல எதுக்கு?"

வடிவாம்பாள் வாசற்படியிலேயே நின்றாள். "தொரத்தறதுக்குத்தான் நல்ல நேரம் வேணும்னு பாத்தீங்க மொதலாளி. திரும்பக் கூப்பிடறதுக்கு எனக்கு எந்த நேரமும் ஆவும். போடுங்க."

"என் வார்த்த போதாதா?"

"நிறுத்துனப்ப வார்த்தையாலயா நிறுத்தினீங்க? காயிதத்துல எழுதி, எல்லாரையும் நிக்கவெச்சுப் படிச்சீங்க. அதே மாதிரி வேணும்."

கோதண்டபாணி சத்யப்ரியாவைப் பார்த்தார். அங்கே உதவி இல்லை. கையெழுத்திட்டார். காகிதத்தை சத்யப்ரியாவிடம் நீட்டி, "கொடுத்துடும்மா," என்றார்.

"நீங்களே கொடுங்க சார்."

அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, வாசற்படிவரை நடந்து கொடுத்தார். முதலாளி தருவதை இரு கையாலும் வாங்குவது அந்த ஆலையின் வழக்கம். வடிவாம்பாள் வலக்கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.