இமெல்டாவின் இரைப்பைக்கு ஒரு கூட்டம்

மன்னார்ப் பள்ளிமுனை இமெல்டாவின் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவதா விடுவதா என்று முடிவெடுக்க எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அந்த எட்டில் ஒருவர்கூட வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் தங்கள் முடிவை எப்போதோ சொல்லிவிட்டார்கள். சீனி வருத்தம் இமெல்டாவின் கால் சின்னவிரலைத் தின்றுவிட்டது, இப்படியே போனால் அடுத்தது பாதம், சத்திரசிகிச்சை செய்தால் தப்பலாம் என்றார்கள். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்ய ஆளும் ஆயத்தம். தைக்கிற கருவிதான் விலை கூடினது. அதை அரசாங்கப் பணத்தில் வாங்க, ஊர் நலன்புரிச் சபையின் சிபாரிசு வேண்டுமாம். ஆட்டைக் காப்பாற்ற ஓநாயிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்ன கதைதான்.

சபைத் தலைவர் கனகசிங்கம், இளைப்பாறிய கூட்டுறவுச் சங்க மனேச்சர். இமெல்டாவை இருக்கச் சொன்னார். இருக்கக் கிடந்ததோ கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரை. அதற்குள் இமெல்டா கொள்ளமாட்டாள் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். பக்கத்து அறையில் கைபிடியில்லாத நீள வாங்கு கிடந்ததும் தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. அவள் விரல் போன காலில் நின்றுகொண்டே தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டாள்.

ஷெல்லில் கால் போனவர்கள் பொய்க்காலுக்குக் காத்துக்கிடக்கிறார்கள், தின்று கொழுத்ததற்கு அரசாங்கம் செலவழிப்பதா என்று கனகசிங்கம் கேட்டார். வாயைக் கட்டினால் வயிறு தானாக வற்றும், அதற்குக் கத்தி எதற்கு என்றும் கேட்டார். சபை தலையாட்டியது. பிறகு எல்லோருடைய பார்வையும் எட்டில் ஒருவனான அருள்நேசனின் காற்சட்டைக்குக் கீழே தெரிந்த பொய்க்காலில் போய் நின்றது, அது எழும்பிச் சாட்சி சொல்லப்போவது போல.

அருள்நேசன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினான்.

"அவவின்ர காலையும் எடுத்தாப்பிறகுதான் குடுப்பியளோ?"

கனகசிங்கம் பேனையைத் திறந்தார். வேண்டாவெறுப்பாகச் சிபாரிசு கொடுத்தார்கள்.

இமெல்டா ஏன் இப்படித் தின்றாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பெரியமடுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள் அவள். கடைசிச் சண்டையில் பக்கத்து வீட்டுச் செலீனாவோடு கடற்கரை வரை ஓடினாள். பதுங்குகுழிக்குள் ஒரு சிரட்டைக் கஞ்சியை இரண்டு பேரும் முறைவைத்துக் குடித்தார்கள். முகாமும் முடிந்து, புருஷன் இல்லாமல், செலீனாவையும் பள்ளிமுனைக்குக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்பி, கருவாடு போடுகிற வாடியில் வேலையும் கிடைத்த பிறகு பசி போய்விட்டது. பசிக்குமோ என்ற பயம் போகவில்லை. நாளைக்குக் கிடைக்காதென்று இன்றைக்கே தின்றாள். வருடக்கணக்காக அப்படியே தின்றாள்.

கொழும்பு வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சத்திரசிகிச்சைக்கு முதல் இரண்டு கிழமை வெறும் சூப்பும் மோரும்தான். ஈரலில் படிந்த கொழுப்பு வற்றாவிட்டால் கத்தி வைக்கமாட்டார்.

அங்கேதான் ஊருக்கு அன்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அவள் ஒழுங்கையால் போனால் பின்னால் நின்று சிரித்த சனம், ஒவ்வொரு வீடாக மூடிய பாத்திரத்தோடு வந்தது. கத்திக்குப் போகிறவள் வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டுப் போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். திரும்பி வருவாளோ வரமாட்டாளோ, ஆருக்குத் தெரியும்? புட்டு வந்தது, கணவாய்ப் பிரட்டல் வந்தது, அயலூர்த் தாராபுரத்திலிருந்து றஹீமா அனுப்பிய வட்டிலப்பம் வந்தது. மோர் மட்டும் ஒருவர் வீட்டிலிருந்தும் வரவில்லை. தந்ததை வேண்டாமென்றால் தலைக்கனம் என்பார்கள். இமெல்டா வாங்கிக்கொண்டாள், சனம் போனதும் வேலிக்கு அப்பால் நின்ற கழுதைகளுக்கு வைத்தாள். மன்னார்க் கழுதைகள் அந்த நாட்களில் நன்றாகத் தேறின.

ஊர் அதோடும் விடவில்லை. ஞாயிறு பூசை முடிய கோயில் மண்டபத்தில் பிரியாவிடை விருந்து வைத்தது. தலைமை கனகசிங்கம். வாயைக் கட்டு என்றவரே வாழையிலையை விரித்து அவளை நடுவில் இருத்தினார். இந்தமுறை வாங்கு கொண்டுவந்தார்கள், தின்னவைப்பதற்கல்லவா? இமெல்டா எல்லோருக்கும் சிரித்து, இலையில் கைவைக்காமல் இருந்தாள். கடைசியில் செலீனா நண்டுக்கறியோடு வந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"ஒரு வாய். எனக்காக."

ஊர் முழுவதையும் மறுக்க இமெல்டாவால் முடிந்தது. அந்தச் சிரட்டையில் தனக்கு ஒரு மிடறு கூடுதலாக விட்டுவைத்தவளை மறுக்க முடியவில்லை. ஒரு வாய் தின்றாள். பசி தெருநாய் மாதிரி, ஒரு பிடி வைத்தால் பிறகு வாசலை விடாது. அந்த நண்டோடு நோன்பு உடைந்தது. கொழும்புக்குப் போகிற நாள்வரை தின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், ஈரல் வற்றவில்லை என்று திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து வரட்டாம். பழைய சிபாரிசு செல்லாது, புதிதாக வேண்டுமாம்.

இரண்டு மாதம் முடிய இரண்டு கிழமை இருக்க, திரும்பவும் அதே சபை, அதே கைபிடிக் கதிரை. சொன்னேனே, கேட்டீர்களா என்று கனகசிங்கம் தொடங்கினார். நாக்கைக் கட்ட மாட்டாதவளுக்கு அரசாங்கக் காசைக் கொட்டுவது கடலுக்குள் உப்புக் கொட்டுவது என்றார். அவள் விருந்தில் தின்றதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னவர்கள், அவளுடைய இலையில் கறித்துண்டு வைத்த அதே ஆட்கள். பிள்ளையைக் கிள்ளியதும் அவர்கள்தான், தொட்டிலை ஆட்டியதும் அவர்கள்தான், இப்போது பிள்ளை அழுகிறதென்று முறைப்பாடும் அவர்கள்தான். இமெல்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேநீரும் றோல்சும் வந்தன. கனகசிங்கம் பேச்சை நிறுத்தாமலே தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுங்கோ இமெல்டா. வெறும் தேத்தண்ணி குடிக்கக் கூடாது."

இமெல்டா தட்டைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைப் பொத்தானுக்கு மேலே எட்டிப் பார்த்த தழும்பைப் பார்த்தாள். முப்பது வருடம் சிகரெட்டும் சாராயமுமாக ஊதிக் குடித்துக் கெடுத்த நெஞ்சு அது. அரசாங்கச் செலவில்தான் வெட்டித் தைத்தார்கள். அதற்கு ஒரு சபையும் கூடவில்லை.

"மனேச்சர் ஐயா, உங்கட நெஞ்சு வெட்டேக்க நாங்கள் பூசை வைச்சனாங்கள். ஏன் குடிச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. போறதுக்கு முதல் நாள் ஆராவது உங்களுக்குச் சிகரெட் பெட்டி கொண்டுவந்து நீட்டினவையோ?"

அருள்நேசன் ஒருவன்தான் சிரித்தான். கனகசிங்கம் தழும்பை மூடிப் பொத்தானைப் போட்டார். பிறகு, மனிதாபிமான அடிப்படையில் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்த மனிதாபிமானத்தையும் சேர்த்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இமெல்டா வெளியே வந்தாள். நன்றி சொல்லவில்லை.

வீட்டு வேலிப் படலையில் செலீனா நின்றாள். கையில் மூடிய பாத்திரம். விருந்துக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவேயில்லை. இமெல்டா படலையைத் திறக்கவில்லை.

"கழுதைக்கு வை, செலீனா."

செலீனா மூடியைத் திறந்தாள். உள்ளே மீன் அவித்து வடித்த தண்ணீர். ஒரு துண்டு மீன் இல்லை, ஒரு முள்கூட இல்லை. பக்கத்தில் ஒரு சிரட்டை.

"நானும் இதைத்தான் குடிக்கப்போறன்," என்றாள் செலீனா. "இரண்டு கிழமையும்."

இமெல்டா படலையைத் திறந்துவிட்டாள்.