ஞானாம்பிகை குடிக்காத தேத்தண்ணி

ஞானாம்பிகையின் சலப்பையில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. வலி மட்டும் தாராளமாக இருந்தது. அடிக்கடி மூத்திரம் போகவேண்டும், போனாலும் எரியும். தேத்தண்ணி, புளி, மிளகாய்த்தூள் மூன்றையும் விடச் சொன்னார் டாக்குத்தர். யாழ்ப்பாணத்தில் பிறகு எதைத் தின்று சீவிப்பது என்று அந்த மனிசன் சொல்லவில்லை. விட்டாள். வலி குறைந்தது, முற்றாக மாறவில்லை.

மூத்தவனுக்குச் சம்பந்தம் பேசப் புறப்பட்டார்கள். பெற்றோல் கிடைக்காத காலம். கணவர் பரமலிங்கம் கரவெட்டியிலிருந்து உடுப்பிட்டிக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போனார். வழியில் இரண்டு தரம் இறங்கித் தெரிந்த வீட்டுக் கக்கூசுக்குப் போனாள். பரமலிங்கம் வெளியே நின்று கூப்பிட்டார்:

"இன்னும் முடியேல்லையே? எந்த வளவிலை கக்கூஸ் எங்கை இருக்கெண்டு உம்மைக் கேட்டால் போதும்!"

"பகிடியை விடுங்கோ. அங்கை என்ரை வருத்தத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அவன் இந்தப் பெட்டையைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான்."

எல்லாம் யோசித்தவர்கள் தேத்தண்ணியை மறந்துவிட்டார்கள். பெண் கமலாவதி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றதும், பழக்கதோசத்தில் ஞானாம்பிகையின் வாய் சொல்லிவிட்டது: "எனக்கு வேண்டாம் பிள்ளை."

சம்பந்தம் பேசப் போன வீட்டில் தேத்தண்ணியைத் தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தகப்பன் ஏரம்புவின் முகம் விழுந்துவிட்டது. பரமலிங்கம் தன் கோப்பையைக் குடித்துவிட்டு மனைவிக்கு வந்ததையும் எடுத்துக் குடித்தார். அது இன்னும் கேடாய்ப் போயிற்று.

வீட்டில் காத்திருக்கும் மகனின் முகம் ஞானாம்பிகையின் கண்ணில் வந்தது. வெட்கம் போனால் போகட்டும்.

"பிள்ளையை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. எனக்குச் சலம் போற வருத்தம். தேத்தண்ணி குடிச்சா எரியும். இப்பவும் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறன். கக்கூஸ் எங்கை?"

கமலாவதி தட்டத்தை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வாளியில் தண்ணி அள்ளி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அவசரப்படாதேங்கோ மாமி. ஆறுதலா வாங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

ஞானாம்பிகை உள்ளே இருந்து அழுதாள். இத்தனை வருடத்தில் 'இன்னும் முடியேல்லையே?' என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

திரும்பும்போது சைக்கிள் ஒரு வேலியோரம் நின்றது. இரண்டு கோப்பைத் தேத்தண்ணியும் பரமலிங்கத்தை நெருக்கிக்கொண்டிருந்தன. என்ன சொல்லப் போகிறாளோ என்று மனிசன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஞானாம்பிகை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவசரப்படாதேங்கோ. நான் இதிலை நிக்கிறன்."