கணினியில் பிடுங்கிய பல்

ஊராரைப்போலவே அவளும் கணவரை மனசுக்குள் ஸ்டூடியோக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வாள். அதற்குமேல் உறவு கொண்டாட அந்த ஆளிடம் என்ன இருந்தது?

எட்டு வயது மகளுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று முளைக்கவே இல்லை. அந்த இடத்தில் ஆணி முனைபோல் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. "வாயை மூடிக்கிட்டுச் சிரி," என்பார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. பிள்ளை மறந்து சிரித்துவிட்டால், கணினியில் அந்தப் பல்லை அழித்துவிட்டு யார் வீட்டுக் குழந்தையின் பல்லையோ ஒட்டிவைப்பார். ஊரார் மூஞ்சியைத் திருத்திப் பிழைப்பவர், பெற்ற பிள்ளைக்கும் அதே வைத்தியம் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டுவோங்க."

"பால்பல்லு, தானா விழுந்திரும். எங்க பரம்பரையில யாருக்கு இப்படி இருந்துச்சு? எல்லாம் உங்க வீட்டு வாயி."

நேராக இருந்தால் அவர் வீடு, கோணினால் இவள் வீடு. கல்யாணமான மறுவாரமே மனப்பாடமான சட்டம்.

திருத்திய படத்தைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் மாட்டினார். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றாள்.

"உங்கப்பா பெத்த பொண்ணு."

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இது பால்பல் இல்லம்மா, கூடுதலா முளைச்ச பல். சில பிள்ளைங்களுக்கு வரும், யார் தப்பும் இல்ல. நிஜப் பல்லு ஈறுக்குள்ள படுத்துக் கிடக்கு, இது வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது. முன்னாடியே வந்திருக்கலாம்."

பல்லை எடுக்கிற அன்றைக்கு ஸ்டூடியோக்காரரும் வந்தார். "எடுத்தா ஓட்டை தெரியுமே, படத்துல?" என்றார். டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசியைக் கண்டதும் ஆள் மெல்ல வாசலுக்கு நழுவிவிட்டார். மகள் அம்மாவின் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தாள், அழவில்லை.

அடைப்பு நீங்கியும் நிஜப் பல் கோணலாகத்தான் இறங்கியது. கம்பி போட்டு இழுக்கவேண்டியிருந்தது. பிள்ளை கம்பியோடு வாய் நிறையச் சிரித்தாள்.

"பாப்பாவுக்குப் பல்லு வந்துருச்சே," என்றார் கடைக்கு வந்த ஒருவர்.

"நான்தாங்க மொதல்ல கண்டுபிடிச்சேன். நம்ம கண்ணு கேமராக் கண்ணாச்சே. உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. மறுத்துப் பேசவும் எதிராளிமேல் கொஞ்சம் மதிப்பு வேண்டும்.

"உங்களுக்கு எட்டுப் படமா, பதினாறாங்க?" என்று வந்தவரைக் கேட்டாள்.